பீப் சத்தம் மட்டும் போதாது: கிரைண்டர், இஸ்திரிப் பெட்டியின் எர்த்தைச் சோதிப்பது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாவுக்கடை வைத்திருக்கிறோம். சாய்த்துக் கொட்டும் கிரைண்டர் இரண்டு, பக்கத்து அறையில் இஸ்திரிப் பெட்டி ஒன்று, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று. ஒரு கிரைண்டரில் கை பட்டால் சுர்ரென்று இழுக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து மீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறு முனையைப் பாடியிலும் வைத்தார். பீப் சத்தம் வந்தது. "எர்த் நல்லா இருக்கு, தரைதான் ஈரம், செருப்பு போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இது சரிதானா? நாங்களே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: முதல் வேலையாக அந்தக் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். காரணம் தெரியும்வரை அதில் மாவு ஆட்ட வேண்டாம். ஈரத்தரை ஷாக்கைப் பிறப்பிக்காது. பாடியில் ஏற்கெனவே வந்து நிற்கும் மின்சாரத்தை உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு இறக்கிவிடும், அவ்வளவுதான். செருப்பு போட்டால் உணர்ச்சி குறையும், பழுது அப்படியே இருக்கும். செருப்பில்லாத ஒரு கை என்றாவது அங்கே படும்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாடியிலிருந்து பின் வரைக்கும், பின்னிலிருந்து சுவர், அங்கிருந்து பூமி வரைக்கும் எர்த் உண்மையிலேயே நன்றாக இருந்தால் பாடியில் உணரும்படியான வோல்டேஜ் நிற்கவே முடியாது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. ஒன்று, பீப் ஒலித்த அந்த இணைப்பு பெயருக்குத்தான் இருக்கிறது. அல்லது கிரைண்டர் வரை எல்லாம் சரி, சுவரில் இருக்கும் சாக்கெட்டின் எர்த் செத்துப்போயிருக்கிறது. இரண்டாவது நிலையில் இன்னொரு விஷமமும் உண்டு. சுவர் எர்த் செத்திருந்தால் கடையில் இருக்கும் எல்லா மெஷின்களின் பாடியும் அந்த ஒரே எர்த் ஒயரால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். பழுது இரண்டாவது கிரைண்டரிலோ இஸ்திரிப் பெட்டியிலோ இருக்க, ஷாக் அடிப்பது முதல் கிரைண்டரில் என்று ஆகிவிடும். மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒன்றை மட்டும் மாட்டினால் இழுக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றையும் பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அளந்து பார்ப்பதுதான் வழி.

எர்த் ஒயரின் குணம் ஒன்றை மனதில் வையுங்கள். மின்சாரத்தைக் கொண்டுவரும் பேஸ் அறுந்தால் மெஷின் நின்றுவிடும், அதைத் திருப்பி எடுத்துப்போகும் நியூட்ரல் அறுந்தாலும் நின்றுவிடும், உடனே ஆளைக் கூப்பிடுவீர்கள். எர்த் அறுந்தால் மெஷின் அதே வேகத்தில் அதே சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று ஒயரில் தான் செத்ததைத் தானே சொல்லாத ஒயர் அது ஒன்றுதான். அதனால்தான் அதைத் தேடிப்போய்ச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது பீப் விஷயம். மல்டிமீட்டரின் பஸ்ஸர் ஒயர் அறுந்திருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்காக வைத்தது. பல மீட்டர்களில் 30 ஓம், 50 ஓம் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) வரைக்கும்கூட அது சத்தம் போடும். அது அனுப்பிப் பார்க்கும் கரண்ட் ஒரு மில்லியாம்பியர் அளவுதான். கிரைண்டரின் எர்த் இணைப்பு துருப்பிடித்து 30 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸர் "நல்லாருக்கு" என்று கத்தும். உள்ளே பேஸ் ஒயர் உரிந்து பாடியைத் தொட்டால் ஓடக்கூடிய கரண்ட் 230 வகுத்தல் 30, அதாவது ஏழரை ஆம்பியர் சுமார். கரண்ட் அளவுக்கு மீறினால் தானே இறங்கி இணைப்பைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் இதைச் சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். பாடியில் ஏறக்குறைய முழு 230 வோல்ட் நிற்கும். போதாக்குறைக்கு அந்தத் துருப்பிடித்த ஒரே புள்ளியில் 1,700 வாட்டுக்கு மேல் சூடு கிளம்பும், ஒரு இஸ்திரிப் பெட்டி முழுதாக எரிவதைவிட அதிகம். பீப் ஒலித்த இடத்தில் தீயே பிடிக்கலாம்.

எர்த் இணைப்பு எவ்வளவு நல்லதாக இருக்க வேண்டும்? வீட்டு உபயோக மின்கருவிகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 302, உலகத் தரநிலையான ஐ.இ.சி. 60335-ஐ அடியொற்றியது. அதன் கணக்கு இது: 12 வோல்ட்டுக்கு மேல் போகாத ஒரு சப்ளையிலிருந்து 25 ஆம்பியர், அல்லது மெஷினின் கரண்டைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டில் எது அதிகமோ அதைச் செலுத்தி அளந்தால் எர்த் முனைக்கும் தொடக்கூடிய உலோகப் பகுதிக்கும் நடுவே 0.1 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. கேபிளின் ரெசிஸ்டன்ஸ் இதில் சேராது. பிளக் பின்னிலிருந்து அளந்தால் கேபிளுக்கு உரியதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பல இழைச் செம்பு ஒயரில் மீட்டருக்கு, 0.75 சதுர மி.மீ. என்றால் 0.026 ஓம், 1 சதுர மி.மீ. என்றால் 0.0195, 1.5 என்றால் 0.0133, 2.5 என்றால் 0.008. உங்கள் கிரைண்டருக்கு 1 சதுர மி.மீ. கேபிள் இரண்டு மீட்டர் இருந்தால் அது 0.039 ஓம். ஆகவே பின்னிலிருந்து பாடிக்கு 0.14 ஓம் வரை எல்லை. நல்ல நிலையில் இருக்கும் மெஷின் உண்மையில் 0.05, 0.06 என்றுதான் காட்டும்.

30 ஓமுக்கும் 0.14 ஓமுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். இருநூறு மடங்குக்கு மேல். பீப் இந்த இடைவெளி முழுவதையும் ஒரே சத்தத்தில் மூடிவிடுகிறது.

அளப்பதற்கு முன் கண்ணால் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலான எர்த் பழுதுகள் ஸ்க்ரூ டிரைவரும் டார்ச்சும் இருந்தால் தெரிந்துவிடும். முதலில் வோல்ட், வாட் எழுதியிருக்கும் ரேட்டிங் பிளேட்டைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் கருவி. அதற்கு எர்த் கிடையாது, தேவையும் இல்லை, இந்தச் சோதனையும் அதற்கு இல்லை. செல்போன் சார்ஜர், பெரும்பாலான கை டிரில் இந்த வகை. கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சம்ப்புத் தண்ணீரை ஏற்றும் மோனோபிளாக் மோட்டார், இரும்புக்கூண்டு டேபிள் ஃபேன் ஆகியவற்றில் அந்தச் சின்னம் இல்லையென்றால் எர்த் இருந்தே ஆக வேண்டும். அவற்றில் இரண்டு பின் டாப்பைப் பார்த்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று பின் டாப்பில் பெரிய பின்னை அறுத்து எடுத்துவிட்டு இரண்டு ஓட்டை பாக்ஸில் சொருகியிருப்பதையும் நம் பக்கத்துக் கடைகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

பிளக் டாப்பைத் திறங்கள். பழைய ஒயரில் எர்த் பச்சை. புதியதில் பச்சையில் மஞ்சள் கோடு. அந்த ஒயர் பெரிய பின்னில்தான் போயிருக்கிறதா, எல்லா இழையும் ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கிறதா, பாதி இழையை வெட்டிவிட்டுச் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். கேபிளின் வெளி உறையைப் பிளக்கின் கிரிப் கடித்துப் பிடித்திருக்க வேண்டும். உள் ஒயர் மட்டும் கிரிப்பில் இருந்தால், கேபிளை இழுக்கும் ஒவ்வொரு முறையும் பளு முழுவதும் ஸ்க்ரூவில் விழும். எர்த் ஒயரை மற்ற இரண்டைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளமாக விட்டு மாட்டுவது நல்ல கைவேலை. கேபிள் பிய்த்துக்கொண்டு வரும் நாளில் பேஸ் முதலில் கழன்று எர்த் கடைசியில் கழல வேண்டும்.

இழை முனையில் ஈயம் வைத்துச் சொருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஈயம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து தட்டையாகும். நாளடைவில் ஸ்க்ரூ தானே தளர்ந்துபோகும். வெறும் இழையை முறுக்கி மடித்து வையுங்கள், அல்லது ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயைப் போட்டு, அதற்குரிய கருவியால் நசுக்கி இறுக்கி கிரிம்ப் செய்யுங்கள்.

கிரைண்டரின் அடிப்பாகத்தைத் திறக்கும்போது உங்களுக்கு ஒரு பாடம் காத்திருக்கும். எர்த் ஒயரை மோட்டார் உடம்பில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு முறுக்கியிருப்பார்கள். ஆனால் அதிர்வு குறையட்டும் என்று மோட்டாரை ரப்பர் புஷ் மேல் உட்கார வைத்திருக்கலாம். அப்படியானால் மோட்டாருக்கு எர்த் உண்டு, நீங்கள் கை வைக்கும் வெளித் தகட்டுக்கு இல்லை. எலக்ட்ரீஷியன் மோட்டாரில் முனையை வைத்திருந்தால் பீப் வந்திருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் பதில் தவறான இடத்துக்கான பதில். மோட்டார், ஸ்டாண்டு, வெளித் தகடு, சாய்க்கும் கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்றோடொன்று இணைக்க 1.5 சதுர மி.மீ. பச்சை ஒயரில் ஜம்பர் போட்டால் தீர்ந்தது.

கல் சுழலும் டிரம்மில் முனையை வைத்து அளக்காதீர்கள். அது பேரிங் வழியாகத்தான் மற்ற உலோகத்தோடு தொடும். கிரீஸ் இருப்பதால் அளவு ஏறி இறங்கும். பெரிய கரண்டைச் செலுத்தினால் பேரிங் குண்டுகளில் பள்ளமும் விழும்.

சாய்க்கும் கிரைண்டரில் கேபிள் உள்ளே நுழையும் இடம்தான் முதல் குற்றவாளி. ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் அங்கே கேபிள் மடங்கி நிமிர்கிறது. வெளி உறை முழுசாக இருக்கும், உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே போகும். இரண்டாவது, எர்த் லக் உட்காரும் இடம். பெயின்ட்டின் மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருப்பார்கள். நட்டின் மரை மட்டும் எங்கோ இரும்பைத் தொட்டுக்கொண்டு பெயருக்குத் தொடர்பு இருக்கும். மாவுத் தண்ணீர் அங்கே வடிந்து புளித்து, காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரம் முழுக்க வீசும் உப்புக்காற்றும் சேர்ந்தால், உள்ளே தள்ளி இருக்கும் பெரம்பூரில் பல வருடம் தாங்கும் அதே நட்டு இங்கே வெகு சீக்கிரம் செம்மண் நிறமாகிவிடும். செம்பு லக்கில் பச்சைப் பூச்சு தெரிந்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வெறுமனே இறுக்கிவிட்டுப் போகாதீர்கள்.

சரியாகப் போடும் முறை இது. தகட்டில் பெயின்ட்டை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டிப் பளபளவென்று ஆக்குங்கள். ஒயரில் வளைய லக்கை கிரிம்ப் செய்யுங்கள், கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. தகடு, அதன் மேல் பல் வைத்த ஸ்டார் வாஷர், அதன் மேல் லக், பிறகு ஸ்பிரிங் வாஷர், நட்டு என்ற வரிசையில் வைத்து இறுக்குங்கள். 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை ஸ்க்ரூ நல்லது. அந்த ஸ்க்ரூவுக்கு எர்த்தைத் தவிர வேறு வேலை இருக்கக் கூடாது. மூடியைப் பிடிக்கும் ஸ்க்ரூவிலேயே எர்த்தையும் கோத்தால், அடுத்த தடவை மூடியைக் கழற்றுபவர் லக்கைத் திருப்பி மாட்ட மறப்பார். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் தடவ வேண்டாம்.

இனி அளப்பது. சாதாரண மல்டிமீட்டரால் என்ன முடியும் என்றால், 1 ஓமுக்கு மேல் போன மோசமான இணைப்பைப் பிடிக்கலாம். பஸ்ஸரை விட்டுவிட்டு 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். இரண்டு முனையையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தால் 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது ஒயரின் சொந்த அளவு, கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் 0.1 ஓமைத் தீர்மானிக்க இந்த மீட்டருக்குத் திறமை போதாது. கடைசி இலக்கமே 0.1 ஓம்தான், முனையை அழுத்தும் அழுத்தத்திலேயே அவ்வளவு மாறிவிடும்.

கையில் கொஞ்சம் வேலை தெரிந்தவர் இருந்தால் 12 வோல்ட் முறை ஒன்று இருக்கிறது, நம்பகமானது. பைக் பேட்டரி ஒன்று, கார் ஹெட்லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் 55 வாட் பல்பு ஒன்று, 10 ஆம்பியர் பியூஸ், நான்கு முதலைக் கிளிப், ஒரு மல்டிமீட்டர் போதும். மெஷினின் பிளக் சுவரில் இல்லை என்பதைக் கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள். பேட்டரியின் பிளஸ், பியூஸ், பல்பு, அங்கிருந்து மெஷினின் வெளித் தகடு. எர்த் பின்னிலிருந்து பேட்டரியின் மைனஸ். கரண்ட் தகட்டில் இறங்கி எர்த் ஒயர் வழியாக மட்டும் திரும்பும். மோட்டாரையோ சர்க்யூட்டையோ அது தொடாது. பல்பு எரியும், சுமார் நாலரை ஆம்பியர் ஓடும். பல்புக்கு அப்பால் எங்கே ஷார்ட் ஆனாலும் பல்பு அதற்கு மேல் கரண்டை விடாது என்பதுதான் இதன் பாதுகாப்பு. பல்பை ஒரு செங்கல் மேல் வையுங்கள், சில நொடியில் கை பொசுங்கும் சூடு வந்துவிடும்.

இப்போது மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பின்னின் உலோகத்திலேயே தொடுங்கள், கிளிப்பின் மேல் வேண்டாம். மறு முனையைத் தகட்டில், கரண்ட் நுழையும் கிளிப்புக்குப் பக்கத்தில், ஆனால் கிளிப்பைத் தொடாமல் வையுங்கள். இப்படித் தனியாகத் தொடுவதால் கிளிப்பின் சொந்த ரெசிஸ்டன்ஸ் கணக்கில் வராமல் போகிறது. காட்டும் வோல்டேஜை நாலரையால் வகுத்தால் ஓம். 0.27 வோல்ட் என்றால் 0.06 ஓம், நல்லது. 0.63 வோல்ட் என்றால் 0.14, உங்கள் கிரைண்டருக்கு எல்லைக்கோடு. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் திறந்து பாருங்கள். பல்பு மங்கலாக எரிந்தாலோ எரியாமலே போனாலோ அளக்க வேண்டிய அவசியமே இல்லை, எர்த் போய்விட்டது. கரண்டைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் ஒயரை மாற்றிச் சொருகி, பல்புக்கும் தகட்டுக்கும் நடுவே மீட்டரைக் கோத்து ஒரு முறை பார்க்கலாம். பார்த்ததும் ஒயரை வோல்ட் துளைக்குத் திருப்பிவிடுங்கள். 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்து யாராவது சுவர் சாக்கெட்டை அளக்கப் போனால் அது நேர் ஷார்ட், மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

அளவு நிலையாக வந்ததும் விடாதீர்கள். இன்னொருவரைக் கேபிளை ஆட்டச் சொல்லுங்கள். பிளக்கின் கழுத்தில் ஒரு முறை, மெஷினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு முறை, கிரைண்டரைச் சாய்த்து நிமிர்த்தி ஒரு முறை. எண் துள்ளினால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. கேபிளை மாற்றுங்கள். டேப் சுற்றி ஓட்டுவது இங்கே கூடாது.

ஆட்டிப் பார்ப்பதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 0.75 சதுர மி.மீ. ஒயரில் 0.2 மி.மீ. இழைகள் 24 இருக்கும். அதில் 23 அறுந்து ஒன்று மட்டும் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தாங்கிக்கொண்டிருந்தால், அந்த ஒரு சென்டிமீட்டர் சேர்க்கும் ரெசிஸ்டன்ஸ் 0.006 ஓம்கூட இல்லை. எந்த மீட்டரும் "பாஸ்" என்றுதான் சொல்லும். ஆனால் அந்த இழை சுமார் 7 ஆம்பியரில் உருகிவிடும். உண்மையான பழுதின்போது 100 ஆம்பியருக்கு மேல் பாயும்போது எம்.சி.பி. இறங்குவதற்கு முன்பே அது உருகிவிடக்கூடும், பாடி பேஸோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எர்த் பாண்ட் டெஸ்டர் என்ற கருவி 25 ஆம்பியரைச் சில நொடிகள் செலுத்துவது இதற்காகத்தான். பலவீனமான இழை நம் கண் முன்னேயே உருகிப்போவது நல்லது. வீட்டு முறையின் நாலரை ஆம்பியரில் அது உருகாது.

அதற்காகப் பெரிய கரண்ட் எல்லாவற்றையும் பிடிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். மெல்லிய துருப்படலத்தை 25 ஆம்பியர் சுட்டுத் துளைத்துக்கொண்டு போய் நல்ல அளவைக் காட்டிவிடும். 100, 200 மில்லியாம்பியரில் அளக்கும் டெஸ்டர் அதே இடத்தில் கூடுதல் ஓமைக் காட்டி எச்சரிக்கும். இரண்டு வசதியும் உள்ள டெஸ்டர் வைத்திருப்பவரிடம் முதலில் சிறிய கரண்டில், பிறகு பெரிய கரண்டில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அளவும் வெகுவாக வேறுபட்டால் எங்கோ துரு இருக்கிறது.

இஸ்திரிப் பெட்டியில் எர்த், சூடாகும் அடித்தகட்டோடு சேர வேண்டும். சூடேறி ஆறுவதால் அந்த ஸ்க்ரூ தளரும். அடித்தகட்டின் ஓரத்தில் முனையை வைத்து அளந்து, கேபிள் வெளிவரும் ரப்பர்க் கழுத்தை எல்லாப் பக்கமும் வளைத்துப் பாருங்கள். கேபிள் பழுதானால் துணி சுற்றிய, சூடு தாங்கும் வகையையே போடுங்கள். சாதாரண பி.வி.சி. ஒயர் தகட்டில் பட்டால் உருகிவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சந்தேகப்படுவேன். மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் ஓடுவது இரண்டு கோர் ஒயர். பெரிய ஓட்டைக்குள் உலோகம் இருக்கும், அதில் ஒயர் இருக்காது. கிரைண்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த பாக்ஸில் சொருகினால் எர்த் அங்கேயே முடிந்தது. பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பழைய பிளக் டாப்பின் எர்த் பின்னில் மட்டும் ஒரு ஒயரைக் கட்டி ஒவ்வொரு சாக்கெட்டிலும் சொருகி, பாக்ஸின் எர்த் பின் வரை அளந்து பாருங்கள். 1.5 சதுர மி.மீ. ஒயர் 10 மீட்டர் என்றால் 0.13 ஓம் வரும். 0.75 என்றால் 0.26 ஆகிவிடும். கிரைண்டருக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம், சுவரில் நேராக ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா வகைப் பின்னும் நுழையும் 'யுனிவர்சல்' ஓட்டைகளில் எர்த் பின் தளர்வாகத்தான் உட்காரும், அவற்றையும் நம்ப வேண்டாம்.

எர்த் சரியென்று தெரிந்த பிறகுதான் மெக்கர், அதாவது இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பெரிய வோல்டேஜ் கொடுத்துப் பார்க்கும் மீட்டர். வரிசை முக்கியம், எர்த் இல்லாத பாடிக்கு மெக்கர் போட்டால் பாடியே 500 வோல்ட்டில் சார்ஜ் ஆகி நிற்கும். மெஷினின் சுவிட்ச் ஆன் நிலையில், பேஸ் பின்னையும் நியூட்ரல் பின்னையும் ஒன்றாகக் கட்டி, அதற்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 500 வோல்ட் டி.சி. கொடுத்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கும் ராடு போன்ற ஹீட்டர் வகையில், எலிமென்ட்டுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி மழைக்காலத்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் 0.3 மெகா ஓம் வரை ஏற்கிறார்கள். கொஞ்ச நேரம் சூடேற்றி உலர்த்திவிட்டு மறுபடி அளந்தால் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் எலிமென்ட் போய்விட்டது. எலக்ட்ரானிக் போர்டு உள்ள மெஷினுக்கு 500 வோல்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டாம், உள்ளே இருக்கும் சர்ஜ் பாதுகாப்பு உறுப்பு அந்த அளவைக் கெடுத்துவிடும். 250 வோல்ட்டில் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே மெக்கர் எப்போதும் கூடாது.

உங்கள் கிரைண்டரில் சுர்ரென்று இழுத்ததற்கு மூலகாரணம் இந்த அளவில்தான் தெரியும். எர்த் சரியாக இருந்து மெக்கர் 0.2, 0.1 மெகா ஓம் என்று காட்டினால், மாவுத் தண்ணீர் மோட்டார் சுற்றுக்குள்ளோ கெபாசிட்டர் முனையிலோ போயிருக்கிறது.

நுனி பட்டால் விளக்கு எரியும் ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டரைப் பாடியில் வைத்துப் பார்ப்பது எர்த் சோதனை ஆகாது. இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப் போன்றவற்றில் பில்டர் கெபாசிட்டர் வழியாக வரும் கசிவிலேயே, பழுது எதுவும் இல்லாமலே டெஸ்டர் எரியும். அது எரியாமல் இருப்பதும் எர்த் இருக்கிறது என்பதற்குச் சாட்சி இல்லை.

மெஷின் பக்கம் முடிந்தால் சுவர் பக்கம். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு குழாயை பி.வி.சி.யாக மாற்றியிருப்பார்கள். பச்சை ஒயர் இன்றும் அந்தத் துண்டுக் குழாயில் கட்டியபடியே இருக்கும், பூமிக்குப் போகாது. சிலர் சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் கோத்துவிடுவார்கள். மீட்டரில் எல்லாம் பிரமாதமாகத் தெரியும். மெயினில் நியூட்ரல் கழன்ற அன்று கடையில் உள்ள எல்லாப் பாடியிலும் 230 வோல்ட் ஏறும். அப்படி ஒரு துண்டு ஒயர் இருந்தால் அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பு மாட்டி "எரியுது, எர்த் இருக்கு" என்று காட்டும் முறையை அனுமதிக்காதீர்கள். எர்த் வெளியே அறுந்திருந்தால் அந்தப் பல்பின் இழை வழியாகவே பேஸ் போய்க் கடையில் எர்த்தோடு கோத்த எல்லாப் பாடியிலும் நிற்கும். அந்த நேரத்தில் யாராவது ஃபிரிட்ஜைத் திறந்தால் போச்சு. லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் எர்த் லூப் டெஸ்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். லூப், அதாவது பழுதுக் கரண்ட் பேஸிலிருந்து எர்த் வழியாகத் திரும்பிப் போகும் முழுப் பாதையின் மின்தடை, 10 ஓம் வந்தால் பழுதில் ஓடுவது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு ஒரு மணி நேரம்கூட இறங்காமல் இருக்கலாம். உடனே இறங்க வேண்டுமென்றால், மோட்டார் லோடுக்குப் போடும் சி வகை எம்.சி.பி.க்கு 160 ஆம்பியர் வரை வேண்டும், அதற்கு லூப் 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். தனியாகக் கம்பி அடித்து வைத்த எர்த்தில் அந்த அளவு கிடைப்பது அரிது. ஆகவே கரண்ட் கொஞ்சம் பூமிக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. உங்கள் கடைக்குக் கட்டாயம் தேவை. அது இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடவும் முடியாது. எர்த் இருந்தால் பழுது ஏற்பட்ட நொடியே ஆர்.சி.சி.பி. இறங்கும். எர்த் இல்லையென்றால் யாராவது தொடும்வரை காத்திருந்து, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் இறங்கும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்றால், தண்ணீர் புழங்கும் கடையில் பிளக்கையும் கேபிளையும் வாரம் ஒரு முறை கண்ணால் பாருங்கள், எர்த்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளங்கள் என்பேன். அதில் ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் வரட்டும். ரிப்பேருக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நடந்ததுபோல் தண்ணீர் கடைக்குள் ஏறி மெஷின் நனைந்தால், நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, எர்த்தும் மெக்கரும் பார்த்த பிறகே ஓட்டுங்கள். ஒரு மாதம் கழித்து எர்த்தை மட்டும் இன்னொரு முறை அளங்கள். நனைந்த லக்கில் துரு மெதுவாகத்தான் வேலையைக் காட்டும்.

ஒவ்வொரு மெஷினின் பக்கவாட்டிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தேதியையும் ஓம் அளவையும் எழுதுங்கள், 'ஓகே' என்று மட்டும் எழுதாதீர்கள். போன முறை 0.06, இந்த முறை 0.11 என்றால் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் எங்கோ இணைப்பு தளர்கிறது. அந்த லக்கை இப்போதே திறந்து சுத்தம் செய்தால் அரை மணி நேர வேலைதான்.